தோட்டத்துப் பேச்சுக்கு இலக்கணம் எழுத எங்கே தொடங்குவது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது. மலையகத் தமிழுக்கு ஒரு விளக்க இலக்கணம், அதாவது மக்கள் உண்மையில் பேசுவதை விவரிக்கும் இலக்கணம், எழுத விரும்புகிறார். நன்னூல் வரிசையில் போகலாமா, எவ்வளவு பேச்சைப் பதிய வேண்டும், என்ன மென்பொருள் தேவை, எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்கிறார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தலைப்பைச் சுருக்குங்கள். 'மலையகத் தமிழ்' என்று ஒரே பேச்சு இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்கினால் முதல் அத்தியாயத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். 1820கள் தொட்டுத் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் என்று பல பக்கங்களிலிருந்து வந்தவர்களின் பேச்சு, தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு அளவில் கலந்திருக்கிறது. மஸ்கெலியாவில் கேட்டது அப்புத்தளைக்கும் பொருந்தும் என்று யாரும் இன்னும் காட்டித் தரவில்லை. அதனால் ஒரு தோட்டம், முடிந்தால் அதில் ஒரு டிவிசன், அவ்வளவோடு நிறுத்துங்கள். நாளைக்கு இன்னொருவர் பண்டாரவளைப் பக்கம் இதையே செய்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். 'எங்க ஆளுங்க இப்படித்தான் பேசுவாங்க' என்ற வசனத்தை யாராலும் சரிபார்க்க முடியாது. 'அறுபது வயதுப் பெண் ஒருவர், ஏழாம் பதிவில், பதினான்காம் நிமிடத்தில் இப்படிச் சொன்னார்' என்பதை எவரும் திறந்து கேட்டு, 'இல்லை, நீங்கள் தவறாகக் கேட்டிருக்கிறீர்கள்' என்று மறுக்கவும் முடியும். விளக்க இலக்கணத்தின் தகுதியே அந்த மறுக்கப்படக்கூடிய தன்மைதான். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

நன்னூல் வரிசை வேண்டாம். ஆனால் நன்னூலைப் படித்திருப்பது நல்லது. வேற்றுமை, எச்சம், தொழிற்பெயர், தன்மை, படர்க்கை போன்ற சொற்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம், புதிதாகக் கலைச்சொல் செய்யத் தேவையில்லை. எடுக்கக் கூடாதது பெட்டிகளை. வேற்றுமை எட்டு என்று முடிவுகட்டிக்கொண்டு பதிவைக் கேட்டால் எட்டுத்தான் கிடைக்கும். பேச்சில் கருவிப்பொருளை 'கத்தியால வெட்டுனேன்' என்றும் 'கத்தில வெட்டுனேன்' என்றும் சொல்கிறார்கள். இரண்டாவதில் இருப்பது இடத்தைக் காட்டும் அதே '-ல'. ஆளைக் குறிக்கும்போது '-ல' வராமல் 'கிட்ட' வருகிறது: 'பெட்டில இருக்கு', ஆனால் 'அக்காகிட்ட இருக்கு'. இது ஒரு வேற்றுமையின் இரண்டு வடிவமா, இரண்டு வேறு உருபா என்று உங்கள் தரவைக் கொண்டு நீங்கள் வாதிட வேண்டும். பழைய நூலிலிருந்து விடை எடுத்து ஒட்டக் கூடாது. அதற்காக மரபிலக்கணம் வழக்கைப் பார்க்காதது என்றும் எழுதிவிடாதீர்கள். தொல்காப்பியப் பாயிரமே வழக்கையும் செய்யுளையும் இரண்டு ஆதாரங்களாகச் சொல்கிறது. பேச்சுத் தமிழை மட்டும் தனியே எடுத்து விளக்கும் முயற்சியும் புதிதல்ல. பெஸ்கி பாதிரியார் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது.

இன்னொரு பெட்டியும் உண்டு. மொழியியலாளர்கள் காம்ரியும் ஸ்மித்தும் 1977இல் வெளியிட்ட கேள்விப் பட்டியலின் வரிசையிலேயே அதன்பின் பல மொழிகளுக்கு இலக்கணம் எழுதினார்கள். ஆஷர் தமிழுக்கு எழுதியதும் அந்த வகை. எல்லா மொழிக்கும் ஒரே எண்ணின் கீழ் ஒரே விடயம் இருப்பதால் ஒப்பிட வசதி. ஆனால் உங்கள் பேச்சில் தடித்து நிற்கும் விடயம் அங்கே ஒரு சின்ன உட்பிரிவுக்குள் ஒடுங்கிப் போகும். எதையாவது விட்டுவிட்டோமா என்று கடைசியில் சரிபார்க்க அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள், பொருளடக்கமாக அல்ல.

பதிவுக்கு வருவோம். மூன்று தலைமுறை, ஒவ்வொன்றிலும் ஆண் இருவர், பெண் இருவர் என்று பன்னிரண்டு பேர் போதும். பிறந்த இடம், எத்தனை வயது வரை பள்ளி, கொழும்பில் வேலை பார்த்த காலம், சிங்களம் எவ்வளவு பேசுவார், பாட்டன் பூட்டன் எந்த ஊர் என்று சொல்கிறார் என்பவற்றை ஆளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள். ஊர் விவரம் வேண்டும். ஆனால் ஒரே ஒரு சொல்லை வைத்து 'இது சேலத்து வழக்கு' என்று எழுதிவிடாதீர்கள், சேலத்தில் அந்தச் சொல் எப்படி வழங்குகிறது என்று பார்க்காதவரை.

மொத்தம் பத்து மணி நேரப் பேச்சு ஒரு நல்ல அளவு. அதில் பாதி, இரண்டு பேர் தங்களுக்குள் பேசுவதாக இருக்கட்டும். நீங்கள் வாத்தியார். உங்கள் முன்னால் 'வந்துச்சு' சொல்கிறவர் 'வந்தது' என்பார், புத்தகச் சொல்லைத் தேடுவார். கணக்கப்பிள்ளை (தோட்ட மேற்பார்வையாளர்) பக்கத்தில் நின்றால் இன்னும் மோசம். கருவியை வைத்துவிட்டு இஸ்தோப்பை (வீட்டு முன்திண்ணையை) தாண்டிப் போய்விடுங்கள். முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் உதவாது, அதன்பிறகு வருவதுதான் பேச்சு. மீதிப் பாதியில் ஒரு வேலையை விவரிக்கச் சொல்லலாம்: தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து ஸ்டோருக்கு (ஆலைக்கு) போய்த் தூளாகும் வரை, கவ்வாத்து வெட்டுவது (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது), ரொட்டி சுடுவது. வேலை விவரணையில் எச்சங்கள் கோர்வையாக வரும். சண்டை சச்சரவைச் சொல்லும்போது 'ன்னு' போட்டுப் பிறர் பேச்சு வரும். இரண்டும் வேண்டும். 1975இல் கலிபோர்னியாவில் ஆய்வுக்கென்றே எடுத்த ஆறு நிமிடப் பேச்சில்லாப் படம் ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. பையன் ஒருவன் பேரிக்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும் கதை. வேறு வெப்ப நாடுகளில் அந்தப் பழத்தை விளக்கவே நேரம் போகும். நுவரெலியாப் பக்கத்தில் அந்தக் கவலை இல்லை.

தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாட்டு, இவற்றைப் பதியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இலக்கண ஆதாரமாக எடுக்காதீர்கள். பாட்டில் சந்தத்துக்காகப் பழைய வடிவங்கள் தங்கியிருக்கும். அச்சில் இருக்கும் நாட்டுப்பாடல் தொகுப்புகளைக் கொண்டே பேச்சை விவரிக்கப் பார்ப்பது மலிவான வழி என்பதால் பலர் அதில் போய் விழுகிறார்கள்.

சத்தம்தான் லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பெரிய தொல்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைய பதிவு முடிந்தது. பக்கத்துக் காம்பராவின் (அறையின்) தொலைக்காட்சி பலகைச் சுவரைத் தாண்டி வரும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை என்று மேற்குச் சரிவில் வேலை செய்வதானால் ஜனவரி முதல் மார்ச் வரை வசதி, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் கிட்டத்தட்டத் தலைகீழ். சட்டையில் குத்தும் ஒலிவாங்கி ஆளுக்கொன்று, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். இரண்டு தடத்துக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி பிடிக்கும். எம்பி3 வேண்டாம், இடத்தைச் சேமிக்க அது எறிந்துவிடும் ஒலிப் பகுதி பின்னால் உயிரொலியை அளக்கும்போது தேவைப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய குரலை ஒலியியலுக்குத் தொடவே தொடாதீர்கள். கோப்புக்குத் தேதி, இடம், ஆளின் குறியெண் என்று பெயர் வையுங்கள். ஆளின் பெயர் வேண்டாம். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

ஒப்புதலைப் பதிவின் தொடக்கத்தில் வாய்மொழியாகவே வாங்கலாம். சம்பளம், சங்கம், சாதி, அடுத்த வீட்டுக் கதை எல்லாம் பேச்சில் வரும். அதனால் பேசி முடித்த பிறகு 'இதில் எதை வெளியே விடலாம்' என்று மறுபடி கேளுங்கள். பேசுவதற்கு முன் கொடுத்த சம்மதம், எதைப் பேசப்போகிறோம் என்று தெரியாமல் கொடுத்தது.

எழுத்தாக்கத்தில்தான் காலம் கரையும். சொந்தப் பேச்சாக இருந்தாலும் ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கி, சொல் பிரித்து, பொருள் எழுத இருபது மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து மணிக்கு இருநூறு. பாடசாலை விட்டு வந்து தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நூறு மாலைகள். இது எழுத்தாக்கத்துக்கு மட்டும்; பதிவது, கேட்டு வாங்குவது, அத்தியாயங்களை எழுதுவது எல்லாம் சேர்த்தால், வேலை பார்த்துக்கொண்டே முடிக்க இரண்டரை, மூன்று வருடம் பிடிக்கும். ஒலியோடு எழுத்தை நேரப்படி பொருத்த ஈலான், சொல் பிரித்து அகராதியும் கட்ட ஃப்ளெக்ஸ், ஒலி அலையைப் பார்க்க ப்ராட். மூன்றும் இலவசம், மூன்றும் ஒருங்குறித் தமிழை ஏற்கும். முதல் மாதம் ஈலான் மட்டும் போதும்.

முதல் நாளே ஒரு பக்க எழுத்து விதியை எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். 'போயிட்டு', 'போய்ட்டு', 'பொய்ட்டு' என்று மூன்று விதமாக எழுதிவிட்டுப் பின்னால் தேடினால் மூன்றில் ஒரு பங்குதான் அகப்படும். 'இந்த வடிவம் அரிது' என்று அதை நம்பி எழுதியும் விடுவீர்கள். தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள், பேசியவர்கள் வாசித்துத் திருத்த முடியும். ஆனால் ஒலி அத்தியாயத்துக்கு அது போதாது. 'அவன்கிட்ட கேட்டு வா' என்பதும் 'பங்களா கேட்டு' (வாயிற்கதவு) என்பதும் எழுத்தில் ஒன்று, வாயில் முதல் மெய் வேறு. இரவல் சொற்கள் வந்ததால் சொல்லின் தொடக்கத்தில் பொருளை மாற்றும் வேறுபாடாகிவிட்ட ஒன்றைத் தமிழ் எழுத்து மறைக்கிறது. 'மரம்' என்பதன் ஈற்று மகரம் பேச்சில் மூக்கொலி உயிராகக் கரைவதும் அப்படியே. அந்த அத்தியாயத்தில் பன்னாட்டு ஒலிக்குறியை வையுங்கள், மற்றவற்றில் உங்கள் எழுத்து விதி.

ஒலியில் நீங்கள் முதலில் தீர்க்க வேண்டியது மழையும் மலையும். ழகரம் ளகரத்தோடு கலந்திருக்கிறதா, அப்படிக் கலந்த ஒலியும் லகரமும் எல்லா வயதினரிடமும் பிரிந்து நிற்கின்றனவா? அட்டையில் எழுதி வாசிக்கச் சொன்னால் பள்ளிக்கூட உச்சரிப்புத்தான் வரும். படம் காட்டி, 'நான் ___ன்னு சொன்னேன்' என்ற ஒரே வசனத்துக்குள் போட்டு, வரிசையைக் கலைத்து மூன்று தடவை சொல்லச் சொல்லுங்கள். பட்டியலாகச் சொன்னால் கடைசிச் சொல்லில் குரல் இறங்கி அளவு கெடும்.

பதிவில் கிடைக்காத வடிவங்களைக் கேட்டு வாங்கும் வேலை அடுத்தது. இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது. 'இப்படிச் சொல்வீங்களா?' என்று கேட்டால் மரியாதைக்கு 'ஆமாங்க' என்பார்கள், அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. நிலைமையைக் கொடுத்துச் சொல்ல விடுங்கள். ஓர் உதாரணம். 'ராத்திரி மழ பெஞ்சிச்சு', 'ராத்திரி மழ பெஞ்சிருக்கு' இரண்டும் எல்லாரும் சொல்வதுதான். வேறுபாடு என்ன என்று கேட்டால் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'நீங்க நல்லாத் தூங்கிட்டீங்க. காலையில கதவத் தொறந்தா வாசல் நனஞ்சி கெடக்கு. வீட்ல உள்ளவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?' பேச்சுத் தமிழில் பொதுவாக இந்த இடத்தில் 'பெஞ்சிருக்கு' வரும்; கண்டதைச் சொல்வதல்ல, தடயத்தைக் கொண்டு ஊகிப்பது. அதே '-இரு' வடிவம் 'நான் கண்டிக்குப் போயிருக்கேன்' என்பதில் அனுபவத்தைச் சொல்கிறது, ஊகம் இல்லை. ஆகவே 'இது ஊக வடிவம்' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எந்த வினையோடு, எந்த இடத்தோடு எந்தப் பொருள் என்று பிரித்துக் காட்டுங்கள்.

வினை அத்தியாயம் எல்லாவற்றிலும் பெரிதாக வரும், வரட்டும். காலம் காட்டும் இடைநிலைகளை அட்டவணை போட்டுவிட்டு நகர்கிறவர்கள், விடு, கொள், போடு, வை, தொலை என்ற துணைவினைகளிடம் வந்ததும் 'உறுதிப் பொருள்' என்று எழுதித் தப்பிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சோதனை வைக்கலாம். 'அந்த வரிசைய வெட்டுனேன், ஆனா முடியல' என்று தொடர முடியுமா? 'வெட்டிட்டேன், ஆனா முடியல' என்றால் கேட்பவர் முகம் சுளிக்கிறாரா? இரண்டுக்கும் பதில் வேறாக இருந்தால் 'விடு' என்பதிலிருந்து வந்த '-ட்டு' செயலின் முடிவைச் சொல்கிறது என்று எழுத ஆதாரம் வந்துவிட்டது. மூன்று பேரிடமாவது, தனித்தனியே, சில நாள் இடைவெளியில் கேளுங்கள்.

எதிர்மறைக்குத் தனி அத்தியாயமே வைக்கலாம். 'வந்தேன், வந்த, வந்தாங்க' என்று ஆளுக்கு ஆள் மாறும் ஈறு, 'நான் வரல, நீ வரல, அவங்க வரல' என்னும்போது காணாமல் போகிறது. எதிர்காலத்தில் 'மாட்டேன், மாட்டாங்க' என்று திரும்பி வருகிறது. அஃறிணைக்கு வந்தால் 'பஸ்ஸு வராது'. உடன்பாட்டு வடிவங்களை மட்டும் கேட்டு நிரப்பிய அட்டவணையில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

பெயரில் கவனிக்க வேண்டியது இரண்டாம் வேற்றுமை எப்போது வருகிறது, எப்போது வராது என்பது. 'இன்னைக்கி கொழுந்து எடுத்தோம்', ஆனால் 'எடுத்த கொழுந்த கொட்டிட்டாங்க'. ஆளென்றால் அநேகமாகக் கட்டாயம். பொருளென்றால் குறிப்பான ஒன்றா என்பதைப் பொறுத்தது. எழுத்தாக்கிய பேச்சிலிருந்து இருநூறு வாக்கியம் எடுத்து எண்ணிப் பார்த்தால் விதி தானாக வெளியே வரும், விலக்குகளும் சேர்ந்தே வரும். 'நாம', 'நாங்க' வேறுபாட்டையும் இப்படி எண்ணுங்கள். தன்மைப் பன்மை, முன்னிலையை உட்கொள்வது, விலக்குவது என்று புத்தகத்தில் இருப்பதைப் படியெடுக்க வேண்டாம். இளவட்டங்களிடம் அது இன்னும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

பிரட்டு, கவ்வாத்து, கொந்தரப்பு, அரைப்பேர், லயம் என்று தோட்டச் சொற்களின் பட்டியல் ஏற்கெனவே பலர் தொகுத்ததுதான். அது சொற்றொகை, இலக்கணம் அல்ல. அதே சொற்களிடம் இலக்கணக் கேள்வி கேட்கலாம்: ஆங்கில, சிங்களச் சொல் பெயராக வந்தால் ஈற்றில் உகரம் எப்போது ஏறுகிறது? வினையாக்க 'பண்ணு', 'அடி', 'போடு', 'எடு' ஆகியவற்றில் எது, எதனால்? அங்கேதான் பேச்சின் உள்விதி தெரியும்.

உதாரணங்களை எழுத, உறுப்புக்கு உறுப்பு பொருள் காட்டும் லைப்சிக் விதிகளைப் பின்பற்றுங்கள். தமிழ் எழுத்தில் இப்படி வரும்:

(27) அவன கடைக்கி அனுப்பிட்டேன்
அவன்-அ கடை-க்கி அனுப்பி-ட்ட்-ஏன்
அவன்-2வே கடை-4வே அனுப்பு.எச்சம்-முடிவு.இற-தன்.ஒரு
'அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டேன்'

'2வே' இரண்டாம் வேற்றுமை, '4வே' நான்காம் வேற்றுமை, 'இற' இறந்தகாலம், 'தன்.ஒரு' தன்மை ஒருமை. இரண்டாம் வரியில் எத்தனை இணைகோடோ மூன்றாம் வரியிலும் அத்தனை; ஓர் உறுப்புக்குள் இரண்டு பொருள் அடங்கியிருந்தால் புள்ளி. 'அவன' என்பதில் உருபு உயிர்மெய்க்குள் ஒளிந்திருப்பதால் இரண்டாம் வரியில் மெய்யையும் உயிரையும் பிரித்தே எழுத வேண்டும். பக்கத்தில் பதிவு எண், நிமிடம், ஆளின் குறியெண். கேட்டு வாங்கிய வாக்கியத்துக்கும் பேச்சில் தானாக வந்த வாக்கியத்துக்கும் வேறு வேறு அடையாளம் போடுங்கள். ஒரு விதிக்கு மூன்று உதாரணம், அவற்றில் குறைந்தது இரண்டு பேச்சில் தானாக வந்தவையாக இருக்கட்டும்.

எழுதும் வரிசை, அச்சாகும் வரிசை அல்ல. முதலில் நான்கைந்து முழுப் பேச்சுகளைப் பொருளோடு முடியுங்கள். பிறகு ஒலி, பெயர், வினை, தனி வாக்கியம், தொடர் வாக்கியம். வரலாறும் சமூகமும் சொல்லும் முதல் அத்தியாயம் கடைசியில். அதை முதலில் எழுத உட்கார்ந்தவர்கள் பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஜெர்மன் மொழியியலாளர் காபெலென்ஸ் 1891இலேயே சொன்னபடி ஒரு மொழியை இரண்டு திசையில் விவரிக்கலாம்: வடிவத்திலிருந்து பொருளுக்கு, பொருளிலிருந்து வடிவத்துக்கு. உங்களுக்கு முதல் திசை போதும். கட்டளையிடுவது, கெஞ்சுவது, மறுப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் இரண்டாவது திசையில் ஒரு சின்னப் பகுதி வையுங்கள், ஏனென்றால் மரியாதை வடிவங்கள் பல அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கும். மாதிரிக்கு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. மலைநாட்டு மலாய்ப் பேச்சுக்குச் செபாஸ்டியன் நோர்தோஃப் எழுதி 2009இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த இலக்கணம். தமிழோடும் சிங்களத்தோடும் வாழ்ந்து வினை கடைசிக்குப் போய், பெயருக்குப் பின்னால் வேற்றுமை ஒட்டிக்கொண்ட மலாய் அது. நம் பக்கத்து வீட்டுப் பேச்சுக்கு எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கவாவது புரட்டுங்கள்.

வேலை முடியும்வரை பதிவுகளை உங்கள் கணினியிலேயே வைத்திருக்க வேண்டாம். வெளியே விடலாம் என்று ஆட்கள் சொன்ன பகுதிகளைப் பெயர் நீக்கி, எழுத்தாக்கத்தோடு நூலக நிறுவனத்தின் ஆவணகம் போன்ற ஓர் எண்ணிமக் காப்பகத்தில் முன்கூட்டியே சேருங்கள். அங்கே கிடைக்கும் நிலையான இணைப்பையே இலக்கணத்தில் உதாரணங்களுக்குப் பக்கத்தில் கொடுக்கலாம். பேசிய பன்னிரண்டு பேருக்கும் அவரவர் பதிவை மெமரி கார்டில் போட்டுக் கொடுங்கள். அதைக் கேட்டுவிட்டு அவர்களே வந்து திருத்தம் சொல்வார்கள், எழுத்தாக்கத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட சொற்களில் பாதி அப்போதுதான் கிடைக்கும்.